அரை டிக்கெட் பல்

பிள்ளைகளின் வயதை நான் வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். அம்மாக்கள் சொல்வதை நம்பி டிக்கெட் போட்டால், எங்கள் பஸ்ஸில் இதுவரை ஐந்து வயது தாண்டிய பிள்ளை ஒன்றுகூட ஏறியிருக்காது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஐந்து வயது முடியாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. அதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அரை டிக்கெட், அதற்கு மேல் முழு டிக்கெட். மீசை அரும்பியவனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, "இப்பதாங்க அஞ்சாவது படிக்கிறான்" என்று சொன்ன தாயையும் நான் பார்த்திருக்கிறேன். அவன் கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன.

உயரத்தை நம்ப முடியாது. உடம்பையும் நம்ப முடியாது. பல்லை நம்பலாம். "உனக்கு எப்படா கல்யாணம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பிள்ளை சிரித்துவிடும். முன் பல் பொக்கையாக இருந்தால் ஆறோ ஏழோ. புதுப் பல் வாய்க்குப் பொருந்தாத பெரிசாக, ஓரம் ரம்பம் போல் வெட்டு வெட்டாக, பக்கத்தில் நிற்கும் பால் பல்லைவிட மஞ்சளாகத் தெரிந்தால் எட்டு. கோரைப் பல் இன்னும் சின்னதாக, மொட்டையாக இருந்தால் அது பால் பல், பன்னிரண்டு ஆகவில்லை என்ற பேச்சை ஒப்புக்கொள்ளலாம். கூராக, நீளமாக இறங்கிவிட்டதா, முழு டிக்கெட். இதற்கு மேல் ஆதார் கார்டு எதற்கு?

இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்ததா, சந்தேகப் பிராணி என்பதால் இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. டிக்கெட் எடுக்காதவனை நான் முதுகை வைத்தே சொல்லிவிடுவேன். நான் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது அவன் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆலப்பாக்கம் தாண்டினால் வெளியே வெறும் கருவேலமரம். அதை அப்படி உற்றுப் பார்க்க என்ன இருக்கிறது? நேராக அவனிடம் போய் நிற்பேன். பெரும்பாலும் தப்பியதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைத் தூக்கி எடை பார்ப்பேன், கேஸ் சிலிண்டரின் சீலைத் திருகிப் பார்ப்பேன். "உங்களுக்கு உங்க நெழலு மேலயே சந்தேகம்" என்பாள் என் மனைவி. நிழல் சில நேரம் முன்னால் போகிறது, சில நேரம் பின்னால் வருகிறது, அதை எப்படி நம்புவது என்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது பதினோரு வயது, கடலூர் முதுநகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஒருநாள் சாப்பிடும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கீழ்வரிசையில் இடது பக்கம், கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. கிராம்பு வைத்துப் பார்த்தோம், மாத்திரை கொடுத்தோம். கன்னம் வீங்கியதும் சிதம்பரத்துக்கு என் பஸ்ஸிலேயே கூட்டிப்போனேன். மதிய டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் எனக்கு இடைவெளி உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். சின்ன வயது அம்மா. கண்ணாடிக் கதவு, ஏசி. பார்த்த உடனே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. இவ்வளவு ஏசிக்கு எத்தனை பல் பிடுங்க வேண்டும்?

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துக் கம்ப்யூட்டரில் காட்டினார். "சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு. இது பெர்மனென்ட் பல்லுங்க. ரூட் கெனால் பண்ணிக் காப்பாத்திடலாம். இப்படியே வுட்டா அப்புறம் பிடுங்கத்தான் வேணும். பிடுங்கினா அந்த எடத்துல வேற பல்லு வராது."

"இது பால் பல்லு மேடம்" என்றேன்.

"எத வச்சுச் சொல்றீங்க?"

"இந்த எடத்துல ஒரு தடவகூடப் பல்லு வுழுவலியே. வுழாத பல்லு பால் பல்லுதான?"

அந்த விஷயத்தில் என் கணக்கு சுத்தம். மகளுக்கு விழுந்த பல் ஒவ்வொன்றையும் நான்தான் சாணியில் உருட்டி மாடிக்கு வீசியிருக்கிறேன். அவளே வீசினால் பாதியில் விழுந்து மிதிபட்டுவிடும், அப்புறம் பல் முளைக்காது என்று சொல்வார்கள். அதனால் யாரையும் தொட விட்டதில்லை. முன் பல்லெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போயின. அப்புறம் பக்கத்துப் பற்கள். போன மாதம்கூட ஒன்று. பஸ் எப்படி ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று போகிறதோ அப்படி நடுவிலிருந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது. வரிசைப்படி அடுத்தது இந்தப் பல்தான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பால் பற்கள் எல்லாம் மூன்று வயதுக்குள் முளைத்து முடிந்துவிடும். கடைவாயில் பால் பல் ஒரு பக்கத்துக்கு இரண்டுதான். ஆறு வயதில் அந்த இரண்டுக்கும் பின்னால், ஈறு காலியாக இருக்கும் இடத்தில், புதிதாக ஒன்று முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை, பால் பல் என்று விட்டுவிடுகிறார்கள். "நடுவுலேர்ந்து எண்ணுங்க. ஆறாவது பல்லு வுழாத பல்லு" என்றார்.

காற்றில் டிக்கெட் பறந்துவிட்டது என்று சொல்லும் ஆளின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். கதை நன்றாகத்தான் இருந்தது. எந்தப் பல்லும் விழாமல் ஒரு பல் முளைக்குமாம், பெற்றவனுக்கே தெரியாதாம். எக்ஸ்ரேயில் இருப்பது என் மகள் பல்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீக்கத்துக்கு மாத்திரையை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். "ரொம்ப நாள் தள்ளாதீங்க. வலி நின்னுட்டாலும் வந்துடுங்க" என்று டாக்டரம்மா வாசல்வரை வந்து சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். வலி நின்ற பிறகும் வரச் சொல்கிறவரை என்னவென்று நினைப்பது?

திரும்பும்போது மகள் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. அது பால் பல்லு. தானா வுழுந்துடும், புதுசு வரும்."

சரியென்று தலையாட்டினாள். நான் டிக்கெட் போடப் போய்விட்டேன்.

மனைவி விடவில்லை. அவள் நச்சரிப்புக்காகக் கடலூரில் இன்னொரு டாக்டரிடம் காட்டினேன். சிதம்பரத்தில் காட்டியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் பார்த்துவிட்டு, எழுதி வைத்துப் படித்ததுபோல் அதையே சொன்னார். ஆறாவது பல், விழாது, ரூட் கெனால். சுவரைப் பார்த்தேன். சர்டிபிகேட் மாட்டியிருந்தது. படித்தது சிதம்பரத்தில். ஆகா, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மனைவியிடமும் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா அது நெசமாத்தான் இருக்கும்னு மத்தவங்களுக்குத் தோணும்" என்றாள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொன்னால், ஏறுவதற்கு முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. சில நாளில் வலியும் இல்லை என்றாள் மகள். பார்த்தாயா, என்றேன் மனைவியிடம்.  ஆனால் மகள் வலது பக்கம் மட்டுமே மென்று சாப்பிட்டதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டர்களை நம்பமாட்டேன், சரி. என் கண்ணை நம்பலாமே? தினமும் எத்தனை பிள்ளைகள் என் பஸ்ஸில் ஏறுகின்றன. இத்தனை வருஷம் முன் பல்லோடு நின்றுவிட்டேன், கடைவாயை எட்டிப் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, ஆ காட்டச் சொன்னேன்.

உடனே அம்மாக்களுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வயது சரியாகச் சொல்லி அரை டிக்கெட் வாங்கியவர்கள்கூட, "அதான் டிக்கெட் எடுத்துட்டோம்ல, அப்புறம் வாயில என்னா தேடுறீங்க?" என்றார்கள். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு பாய் வீட்டு அம்மா, "வாய மூடு" என்று பேத்தியின் மோவாயைத் தூக்கி அடைத்தே விட்டார். டிரைவர் என் சொந்த மச்சான், மனைவியின் தம்பி. கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, மாட்டுச் சந்தையில நிக்கிற மாதிரி புள்ளைங்க பல்லப் புடிச்சுப் பாத்துக்கிட்டிருக்க. ஒருநாளு யாராச்சும் ஒன்னத்தான் அடிச்சுப் பல்லக் கையில குடுக்கப் போறாங்க" என்றான்.

கிடைத்த வாய்களில் பார்த்தவரை, யு.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கடைவாயில் இரண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று. இந்தப் பக்கம் ஏதாவது விழுந்ததா என்று கேட்டால் இல்லை என்றார்கள். எனக்குள் ஏதோ கொஞ்சம் ஆடியது. ஆனாலும் விடவில்லை. மூன்றாவதும் பால் பல்தான், கொஞ்சம் தாமதமாக வந்தது, தாமதமாக விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். சந்தேகப்படுகிறவனுக்குக் கடைசியில் ஒரு சந்துகூடவா கிடைக்காது?

அப்புறம் ஒரு முகூர்த்த நாள் வந்தது. திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம் முடிந்து திரும்பும் கூட்டம், பட்டுப்புடவையும் மாலை வாசனையுமாகக் கடலூரிலேயே பஸ் நிறைந்துவிட்டது. மூன்றாவது சீட்டில் ஓர் அம்மா, மடியில் மொட்டை போட்ட ஒரு பெண் குழந்தை. மண்டையெல்லாம் சந்தனம். மொட்டை போட்ட பிள்ளைகளின் வயதைக் கண்டுபிடிப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. எல்லாம் ஒரே அச்சாக இருக்கும்.

"சிதம்பரம் ஒண்ணு" என்று நீட்டினார் அந்த அம்மா. அங்கே இறங்கிக் கீரப்பாளையம் போக வேண்டுமாம்.

"பாப்பாவுக்கு?"

"மடியிலதான குந்தியிருக்கு. நாலரைதான் ஆவுது."

முன் பல்லைப் பார்த்தேன். ஒன்றுகூட விழவில்லை, ஆடவுமில்லை, அத்தனையும் அரிசி போல் வெள்ளை வெளேரென்ற பால் பல். என் பழைய சட்டப்படி அந்தக் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் குழந்தையின் கால் நீளம் எனக்குப் பிடிக்கவில்லை. "பாப்பா, ஆ காட்டு" என்றேன். மொட்டைத் தலையை யாராவது பாராட்ட மாட்டார்களா என்று காத்திருந்த குழந்தை, இதற்காவது கேட்டார்களே என்று வாயை அகலத் திறந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். இரண்டு கடைவாய்ப் பல். அதற்குப் பின்னால், ஈறு இன்னும் பாதி மூடியபடி, மற்றதைவிடப் பெரிதாக ஒன்று.

"இது எப்ப மொளச்சுது?"

"இப்பதான்" என்றது குழந்தை பெருமையாக. "முறுக்கு கடிச்சா வலிக்குது."

"பாப்பாவுக்கு ஆறு வயசு ஆயிடுச்சும்மா. அரை டிக்கெட் எடுங்க."

"ஒரு பல்ல வச்சு ஆறுன்னுடுவீங்களா? அது பால் பல்லுங்க. தானா வுழுந்துடும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று வந்த கோபம். "யாருகிட்ட கத வுடுற? பால் பல்லெல்லாம் மூணு வயசுக்குள்ள மொளச்சு முடிஞ்சிடும். பால் மறந்து இத்தினி வருசம் கழிச்சு வர்ற பல்லு எப்படிம்மா பால் பல்லு ஆவும்? அந்த ரெண்டுக்கும் பின்னாடி காலி எடத்துல வருது பாரு, அது ஆறு வயசுப் பல்லு. அது வுழவே வுழாது. எண்ணிப் பாரு, நடுவுலேர்ந்து ஆறாவது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.  அந்த அம்மா சுருக்குப் பையைத் திறந்தார். "சரி, ஆறு முடிஞ்சு போச்சுதான். அரையே குடுங்க. டாக்டருக்குப் படிச்ச கண்டக்டர நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயித்தவன் போல் நானும் சிரித்துக்கொண்டே மெஷினில் அரை டிக்கெட் அடித்தேன். அதைக் கிழித்து நீட்டும்போதுதான் கை நின்றுவிட்டது. என்ன சொன்னேன் நான்? அது விழாது என்றேன். அந்த டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல் பிசகாமல், அடித்துச் சொல்லியிருக்கிறேன். சொன்னது சரி என்று அந்தத் தாயும் ஒப்புக்கொண்டுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுதான். அந்தக் குழந்தையின் பல் ஆறு வயதுப் பல் என்றால் என் மகளின் பல்லும் அதுதான். அது பால் பல் என்றால் இந்த அரை டிக்கெட்டைத் திருப்பி வாங்க வேண்டும்.

பி.முட்லூரில் இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். நான் விசில் ஊதவில்லை. வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்திய மச்சான், "மாமா, என்னா ஆச்சு ஒனக்கு?" என்றான்.  படியில் நின்று அவர்களை இறக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் வாசல் பக்கத்துக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வாய்க்குள் இருந்தன. கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"என்னாம்மா பண்ற?"

விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். "பல்ல ஆட்டுறேன்பா. தெனமும்தான் ஆட்டுறேன். ஆடவே மாட்டேங்குது."

"வலிக்கலன்னு சொன்ன?"

"மொதல்ல நின்னுடுச்சு. ஆட்டுனா வலிக்குது. வுழுறதுக்கு முன்னாடி வலிக்கும்ல, அதான் சொல்லல." அப்புறம் சமாதானம் சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டாள். "பெரிய பல்லுல்ல, அதான் லேட்டாவுது."

 பால் பாக்கெட்டை, சிலிண்டரை, டாக்டரை, எக்ஸ்ரேயை, ஒன்றையும் விடாமல் சந்தேகப்பட்ட வீட்டில், ஒருத்தி மட்டும் நான் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே நம்பி, வலிக்க வலிக்க ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்தது. மகள் பயந்துவிடுவாளே என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்கு ஆள் மாற்றிவிட்டு, மூன்று பேருமாகச் சிதம்பரம் போனோம். டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளைச் சாய்நாற்காலியில் படுக்க வைத்து விளக்கைத் திருப்பினார். கம்பியை வைத்துத் தட்டிப் பார்த்தார், மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் சந்தேகப்பட எதையும் நான் தேடவில்லை, நல்ல சேதி இருக்கிறதா என்றுதான் தேடினேன்.

"காப்பாத்திடலாம்" என்றார். என் மனைவி சாமி கும்பிடுவதுபோல் கையைத் தூக்கினாள். "இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா கஷ்டம். ஆனா ஈறு ஏன் இவ்ளோ புண்ணா இருக்கு? என்னாம்மா பண்ண?"

"ஆட்டுனேன்" என்றாள் மகள்.

"இத எதுக்கு ஆட்டுன? இது வுழாத பல்லாச்சே?"

"வுழுந்துடும்னு எங்கப்பாதான் சொன்னாரு."

டாக்டரம்மா கம்பியை டிரேயில் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பஸ்ஸில் ஒவ்வொரு வரிசையாக வந்து, கடைசியில் ஓர் ஆளுக்கு முன்னால் நின்று நான் பார்க்கிற அதே பார்வை. நான் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பக்கத்துக் கட்டடத்தின் வெற்றுச் சுவர்தான் இருந்தது. அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.